கேமரா விலையும் என் அண்ணனும்

என் அண்ணன் வீடியோ எடுக்கிறவன். அவன் எடுத்து வருவதை வெட்டி ஒட்டிப் படமாக்குகிறவள் நான். பதினாறு வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு. போன மாதம் ஒரு புதுக் கேமரா அதன் விலைக்குத் தகுமா தகாதா என்று நாங்கள் இரண்டு பேரும் மூன்று வாரம் சண்டை போட்டோம். சண்டை கேமராவைப் பற்றியது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வேலையைப் பற்றியது என்று எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒருத்தி முட்டாளாக இருந்தது போதும்.

ஊரில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒரு நிமிஷம்' என்றால்தான் தெரியும். யாரைப் படமெடுத்தாலும் "ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்" என்று சொல்லிச் சொல்லியே அரை மணி நேரம் நிற்க வைத்துவிடுவான். ஆனாலும் ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உம்மென்று உட்கார்ந்திருக்கும் மாமனார்கள்கூட அவனைப் பார்த்தால் பல்லைக் காட்டுவார்கள். சாப்பிடாமல் ஒன்பது மணி நேரம் நிற்பான். கூட்டத்தில் யார் அழப்போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரிவதற்கு முன்னால் கேமராவை அந்தப் பக்கம் திருப்பியிருப்பான். இதெல்லாம் உண்மை. கோபத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு எனக்கே உறுத்தும்.

அவன் டைல்ஸ் கடையில் விற்பனையாளனாக இருந்தவன். அந்த முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வரவேண்டிய கேமராக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, அவருடைய கேமராவை வாங்கி இவன் எடுத்தான். மறுவாரமே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். நான் அப்போது ஒரு அச்சகத்தில் கணினியில் கல்யாணப் பத்திரிகை தயாரித்துக்கொண்டிருந்தேன். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, எடிட்டிங்கும் நீயே கத்துக்கோ" என்றான். பத்திரிகையில் பூ ஒட்டுகிறவளுக்கும் படம் வெட்டுகிறவளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நான்கு மாதம் ஒரு ஸ்டுடியோவில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டு வந்தேன்.

டயர் கடைக்கு மேலே எங்களுக்கு இரண்டு அறைகள். முன் அறை அவனுடையது. சோபா, கண்ணாடி மேசை, சுவர் நிறைய படங்கள், வாடிக்கையாளர்கள் வந்தால் உட்கார வைத்துப் பேச நல்ல விளக்குகள். பின் அறை என்னுடையது. அதற்கு ஜன்னல் கிடையாது. ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு ஒரு வாளி, இரண்டு திரைகள், பழைய ஹார்டு டிஸ்க்குகள் அடுக்கிய இரும்பு அலமாரி. கீழே டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் மேசை அதிரும். வாடிக்கையாளர்கள் பின் அறைக்கு வந்ததே இல்லை. அந்தக் கதவைக் கழிப்பறைக் கதவு என்று நினைத்துத் திறந்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு.

இனி அவனுடைய குறையைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் வரும் நோய் அது. கேமராவில் பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரே பட்டன்தான். ஒரு முறை அழுத்தினால் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். தோளில் தூக்கும்போது கை பட்டு ஒரு தடவை அது அழுந்திவிட்டது என்று வையுங்கள். அதோடு எல்லாம் மாறிவிடும். எடுக்கிறோம் என்று நினைக்கும்போது கேமரா தூங்கும், நிறுத்திவிட்டோம் என்று நினைக்கும்போது விழித்துக்கொள்ளும். தாலி கட்டுவது இருக்காது, கேக் வெட்டுவது இருக்காது. அதற்குப் பதில் தரையும் செருப்பும் படிக்கட்டும் யாரோ ஒருவர் முட்டியும் இருக்கும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'தலைகீழ்'. யாருக்கும் எப்போதாவது ஒரு முறை நடப்பதுதான். என் அண்ணனுக்கு ஐந்தாறு நிகழ்ச்சிக்கு ஒரு முறை நடக்கும். திரையின் ஓரத்தில் ஓடுகிறதா நிற்கிறதா என்று காட்டும் குறியை அவன் பார்க்கவே மாட்டான். முகத்தைத்தான் பார்ப்பானாம். பட்டனைப் பார்ப்பது கற்றுக்குட்டிகள் வேலையாம்.

அப்படித் தலைகீழாகப் போன ஒவ்வொரு முறையும் நான் சரிசெய்தேன். மைக்செட்காரரிடம் கெஞ்சிக் குரலை வாங்குவேன். புகைப்படக்காரரிடம் படங்களை வாங்குவேன். விருந்தாளிகளின் போன்களில் இருக்கும் துண்டு துணுக்குகளைப் பொறுக்குவேன். கைதட்டுகிற ஒரு கூட்டத்தை மூன்று இடத்தில் போட்டு, தெரியாமல் பூசி மெழுகுவேன். எட்டு நாள் ஆகும். வந்து பார்க்கிறவர்கள் முன் அறையில் உட்கார்ந்து கண் கலங்குவார்கள், அண்ணன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவனும் கண் கலங்குவான். முதல் ஒரு வருடம் "தலைகீழா போயிருக்கு அண்ணா" என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன். மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவான், அடுத்த வேலையையும் கெடுத்துவிடுவான். சொல்லாமல் சரிசெய்வது சுலபமாக இருந்தது. விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் புதுக் கேமரா கடைக்கு வந்தது. விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பணத்துக்கு ஒரு கார் வாங்கலாம், நடுவழியில் நிற்காத கார். நாங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த மொத்தமும் அதில் போய்விடும், அதுவும் லென்ஸ் இல்லாமல். கேமராக் கடைக்காரர், வெள்ளைச் சட்டையில் எப்போதும் இஸ்திரி மணக்கும் மனிதர், ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் அதைப் படித்த மாதிரி பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படித்திருந்தால் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பான்.

இருட்டிலும் எடுக்கலாம் என்றான். இருட்டில் யார் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்றேன். அசைவை நூறு பங்கு மெதுவாக்கிக் காட்டலாம் என்றான். நம் ஊர்ப் பேச்சாளர்கள் இப்போதே போதுமான அளவு மெதுவாகத்தான் பேசுகிறார்கள் என்றேன். படம் நான்கு மடங்கு துல்லியம் என்றான். பார்க்கிறவர்கள் பஸ்ஸில் நின்றுகொண்டு உள்ளங்கை அகலப் போனில் பார்க்கிறார்கள், துல்லியம் யாருக்கு என்றேன். வாடிக்கையாளர்கள் இப்போதெல்லாம் முதல் கேள்வியே "என்ன கேமரா வைத்திருக்கிறீர்கள்" என்றுதான் கேட்கிறார்கள் என்றான். இதை மட்டும் ஒத்துக்கொண்டேன். அது உண்மைதான். கேமராவின் பெயரைக் கேட்கிற யாரும், அதில் எடுத்ததை வெட்டுகிறவள் யார் என்று கேட்டதில்லை.

ஆனால் அந்த ஃபைல்கள் யானை மாதிரி பெரிது, என் கணினி விழுங்க முடியாமல் திணறும், அதற்கும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று சொன்னேன். "உனக்கு நான் எது கேட்டாலும் செலவுதான்" என்று எழுந்து போய்விட்டான். அன்றைக்கு அவன் அதோடு நிறுத்திக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கணினியைப் பற்றி அவன் மேற்கொண்டு ஒரு வார்த்தை வாதாடவில்லை. ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் கடைக்காரர் டெமோ கேமராவைக் கொண்டுவந்து ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் ஒரு காரியம் செய்தேன். கீழே டயர் கடைக்காரர் சக்கரம் கழற்றுவதைப் பழைய கேமராவில் ஒரு முறை, புதியதில் ஒரு முறை அண்ணனையே எடுக்கச் சொன்னேன். இரண்டையும் பெயர் போடாமல் அண்ணன் போனுக்கு அனுப்பி, எது புதியது என்று கேட்டேன். டயர் கடைக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். பிறகு ஒன்றைத் தொட்டு, இதோ பார், தோலின் நிறத்தைப் பார், கையில் இருக்கும் கிரீஸ்கூட ஜொலிக்கிறது, இதற்காகத்தான் அந்த விலை என்று பெரிய விளக்கம் கொடுத்தான். அது எங்கள் பழைய கேமரா.

டயர் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு மூக்கு உடைந்துவிட்டது. போன் திரை சரியில்லை, வெயில் சரியில்லை, நான் வேண்டுமென்றே ஏமாற்றினேன் என்று ஆயிரம் சப்பைக்கட்டு. அந்த வாரமே ஒரு பெரிய நிகழ்ச்சியை முழுக்கப் புதுக் கேமராவிலேயே எடுத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டான். பழையதையும் கூட எடுத்துப் போ, ஒரு துணைக்கு இருக்கட்டும் என்று நான் படிகள் வரைக்கும் பின்னாலேயே போய்ச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நிகழ்ச்சி ஓர் ஆஸ்பத்திரியில். முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்த தலைமை நர்ஸ் ஓய்வு பெறுகிறார். வீடியோவுக்குச் சொல்லியிருந்தது அவருடைய ஒரே மகள். அவளும் நர்ஸ்தான், வேறு நாட்டில் வேலை. விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மா மேடையில் பேசி அவள் பார்த்ததே இல்லையாம். வேறு என்ன விட்டுப்போனாலும் பரவாயில்லை, அம்மா பேசுவது மட்டும் முழுசாக வேண்டும் என்று இரண்டு முறை போன் செய்து அண்ணனிடம் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை அவன் மெமரி கார்டை என் மேசையில் வைத்துவிட்டு, "பாரு, பாத்துட்டு அப்புறம் பேசு" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனான். கார்டைப் போட்டுத் திறந்தேன். முதல் படம் தரை. வெள்ளைத் தரை, அதில் அண்ணனின் பழுப்பு ஷூ. தரையின் துல்லியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஒரு எறும்பு போவதுகூடத் தெரிந்தது. அடுத்தது நாற்காலிக் கால்கள். அடுத்தது மாடிப்படி. மொத்தம் நாற்பத்துமூன்று நிமிடம் தலைகீழ். மேடை இல்லை, மாலை இல்லை, நர்ஸ் இல்லை.

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் கை பழக்கத்தில் அதன் வேலையைச் செய்தது. மைக்செட்காரருக்குப் போன் போட்டேன். அவர் குரலைத் தனியாகப் பதிந்து வைத்திருந்தார். அரை மணி நேரத்தில் அனுப்பினார். நர்ஸ் பேசியது பதினொரு நிமிடம், ஒரு சொல் தேயாமல் இருந்தது. பெரிய பேச்சொன்றும் இல்லை, ஊசி போடுகிறவர் மாதிரி சட்டென்று பேசுகிறார். நடுவில் ஓரிடத்தில், "என் பொண்ணு படிக்கறப்ப ஒரு ஸ்கூல் ஃபங்ஷனுக்குக்கூட நான் போனதில்லை, டூட்டி. இன்னிக்கு அவ வரலை, டூட்டி. திட்டறதுக்கு எனக்கு வாய் இல்லை" என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் மைக்கில் ஒன்றுமே கேட்கவில்லை.

அதைக் கேட்டதும், இதை எப்படியாவது கரைசேர்க்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. தரையைக் காட்டும் அந்த நாற்பத்துமூன்று நிமிடத்தில் உதவுகிற மாதிரி ஏதாவது அகப்படுமா என்று ஒவ்வொரு துண்டாகப் பார்க்க உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஒன்பதாவது துண்டு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் எடுத்தது. கேமராவை ஒரு பெஞ்சில் வைத்திருக்கிறான், செடி தெரிகிறது. அண்ணனும், புதுக் கேமரா எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்திருந்த கேமராக் கடைக்காரரும் சற்றுத் தள்ளி நின்று டீ குடிக்கிறார்கள். ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுவது போல் இருந்தது.

கடைக்காரர் சொல்கிறார். இந்தக் கேமராவில் நிறம் சரிசெய்கிற வேலையே இல்லையாம். கூடவே வரும் மென்பொருளில் போட்டால் அதுவே நல்லதைப் பொறுக்கி, வெட்டி, பாட்டுப் போட்டுக் கொடுத்துவிடுமாம். எடிட்டருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம், இரண்டே வருடத்தில் கேமரா விலை வந்துவிடும் என்கிறார்.

"எடிட்டர்னு தனியா யாரு இருக்கா, என் தங்கச்சிதான்" என்கிறான் என் அண்ணன். "அவ என்ன, நான் எடுத்துட்டு வர்றதை வரிசையா ஒட்டிக் குடுக்கறா. நானும் அதைத்தான் யோசிச்சு வச்சிருக்கேன். அவளுக்கும் வயசாகுது, வீட்ல இருக்கட்டும்."

தங்கச்சி ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று கடைக்காரர் கேட்கிறார்.

"கத்துவா. நாலு நாள் கத்துவா, அப்புறம் பழகிடும்."

டீ உறிஞ்சும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

நான் எத்தனை முறை அதைத் திரும்பப் போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. கணினியை மாற்றும் செலவைப் பற்றி அவன் ஏன் வாதாடவில்லை என்று இப்போது புரிந்தது. கணினியே வேண்டாம், அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவளும் வேண்டாம். விலைக்குத் தகுமா என்று மூன்று வாரம் என்னிடம் வாதாடினானே, அந்தக் கணக்கில் என்னையும் ஒரு வரவாக எழுதி வைத்துக்கொண்டுதான் வாதாடியிருக்கிறான். ஒட்டிக் கொடுக்கிறாளாம். அவன் செருப்பைப் படமெடுத்துக்கொண்டு வருவான், நான் அதிலிருந்து கல்யாணம் செய்துகொடுப்பேன், அதற்குப் பெயர் ஒட்டுவது.

சாப்பாட்டு நேரம் தாண்டி அவன் வந்தான். உள்ளே வா என்றேன். பின் அறையில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். முதல் துண்டிலிருந்து ஓடவிட்டேன். அவன் ஷூவைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்தது. "தலைகீழாவா போச்சு? புதுக் கேமரா, பட்டன் இடம் மாறியிருக்கு" என்றான். பிறகு சாதாரணமாக, "சரி விடு, ஏதாவது பண்ணிக்கலாம்" என்றான். பண்ணிக்கலாமாம். யார் பண்ணுவது என்று அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை.

நான் அடுத்தடுத்த துண்டுகளை ஓடவிட்டேன். ஒன்பதாவது துண்டு வந்தது. ஹெட்போனைக் கழற்றி ஒலியை வெளியே விட்டேன். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள், அந்தச் சத்தத்தையும் மீறி அவன் குரல் கேட்டது. அவன் முதலில் திரையைப் பார்த்தான், பிறகு வாளியைப் பார்த்தான். முடிந்ததும், கடைக்காரர் வாயைக் கிண்டினார், ஏதோ பேச்சுக்குச் சொன்னேன் என்று ஆரம்பித்தான். நான் அலமாரியைத் திறந்து, ஓரமாகத் தனியாக வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்துச் சொருகினேன். தலைகீழாகப் போன நிகழ்ச்சிகள் மட்டும் அதில் இருக்கின்றன, அவன் கொண்டுவந்தது ஒரு பக்கம், நான் கொடுத்தது மறுபக்கம். எந்த நிகழ்ச்சியை வேண்டுமானாலும் சொல், காட்டுகிறேன் என்றேன்.

அவன் தனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கல்யாணத்தைச் சொன்னான். அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் அடுத்த நாற்பது பேர் எங்களிடம் வந்தார்கள். இதில் அது இருக்காது என்ற நம்பிக்கையில்தான் கேட்டான். இருந்தது. பெண்ணின் அப்பா மகள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி, எல்லோரும் அழுதுவிட்டுப் போன காட்சி, ஒரு புகைப்படத்தையும் பக்கத்து வீட்டுக்காரரின் போனிலிருந்த ஆறு விநாடியையும் வைத்து நான் செய்தது. அவன் எடுத்தது அந்த நேரத்தில் ஒரு மின்விசிறியின் அடிப்பாகம்.

"எத்தனை இருக்கு இதுல?"

"நூத்திப் பதினொண்ணு. இதோட நூத்திப் பன்னெண்டு."

அவன் அந்த ஹார்டு டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டான். அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான், அதனால் சொல்லவில்லை என்றேன். அது பாதி உண்மை. வாடிக்கையாளர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து நானும் அதை ரசித்தேன். யாருக்கும் தெரியாமல் செய்வதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிருக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன். ஆனால் இதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கு ஆறுதலாகப் போய்விடும்.

நர்ஸின் மகளுக்கு நீயே போன் பண்ணிச் சொல் என்றேன். கொஞ்சம் பொறு, ஏதாவது வழி பார்ப்போம் என்று மழுப்பினான். இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம்கூட 'பதிவாகவில்லை' என்று அவன் வாயால் சொன்னதில்லை. சொல்லும்படி நான் விட்டதில்லை. இன்றைக்கு நீ சொன்னால்தான் நான் இந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பேன் என்று ஒரே பிடியாக நின்றேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

அவள் உடனே எடுத்தாள். பின்னால் ஏதோ இயந்திரம் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது, அவளும் டூட்டியில்தான் இருந்தாள். படம் தயாராகிவிட்டதா என்று ஆசையாகக் கேட்டாள். அண்ணன் என் பக்கம் பார்க்காமல் ஆரம்பித்தான். "ஒரு சின்ன பிரச்சனைம்மா. அம்மா பேசினது பதிவாகலை."

எவ்வளவு போயிற்று என்று கேட்டாள். முழுவதும் என்றான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "சரி, அம்மா என்ன பேசினாங்கன்னாவது சொல்லுங்க. அவங்ககிட்ட கேட்டா, ஒண்ணும் பேசலை, சும்மா நன்றி சொன்னேன்னு சொல்றாங்க."

"நல்லாப் பேசினாங்கம்மா. எல்லாரும் கண் கலங்கிட்டாங்க."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "தெரியலைம்மா" என்றான். "நான் ஃப்ரேமைப் பாத்துட்டிருந்தேன்."

"நீங்க அங்கதானே இருந்தீங்க?"

நான் போனை வாங்கினேன். அம்மாவின் குரல் முழுசாக இருக்கிறது, பதினொரு நிமிடம், இன்னும் ஐந்து நிமிடத்தில் அனுப்புகிறேன், உன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார், தனியாக இருக்கும்போது கேள் என்று சொன்னேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் யார் என்று கேட்டாள். எடிட்டர் என்றேன். எடிட்டர் ஒருவர் இருப்பதாக அவர் சொல்லவே இல்லையே என்றாள். அந்தச் சில நிமிடங்கள் அவளைத் தவிக்க விட்டது நான் செய்த பாவம், ஒத்துக்கொள்கிறேன். அண்ணனைத் தவிக்க விட்டது பாவமில்லை.

போனை வைத்ததும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப உன்கிட்ட வாய்ஸ் இருந்திருக்கு. முன்னாடியே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணுகிட்ட நான் இப்படி அசிங்கப்பட்டிருக்க வேண்டாமே."

"அதுக்காகத்தான் சொல்லலை."

குரலை அவளுக்கு அனுப்பினேன். ஹெட்போனையும் என் கண்ணாடியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு தன் பிடிவாதத்திலிருந்து இறங்கி வந்தான், அவன் இறங்குவது அவ்வளவுதான். "சரி, கேமரா வேணாம், விடு. திருப்பிக் குடுத்துடறேன், போதுமா?" என்றான். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவன் பேசியதையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைப்பு.

"வேணாம் அண்ணா, வாங்கு" என்றேன். "நல்ல கேமரா. பெஞ்சு மேல கிடந்துட்டு, தள்ளி நின்னு நீ பேசினதை ஒரு எழுத்து விடாம எடுத்துக் குடுத்துச்சு. நம்ம பழசா இருந்தா வெறும் காத்துச் சத்தம்தான் கேட்டிருக்கும். அந்த விலைக்குத் தகும்."

மறுநாள் நான் டயர் கடை மாடிக்குப் போகவில்லை. வீட்டில் தங்கவும் இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரில், நான்கு கேமராக்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் இடத்தில் ஒரு எடிட்டர் தேவை என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அங்கே போய் உட்கார்ந்தேன். அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறது. பத்தரை மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது. சமாதானம் பேசப்போகிறான் என்று வெளியே வந்து எடுத்தேன். நர்ஸ் வீட்டுக்காரர்கள் சாயங்காலம் வருகிறார்கள், குரலோடு நாலு போட்டோவாவது வைத்துக் கொடுக்க வேண்டும் என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, கம்ப்யூட்டரை எங்கே ஆன் செய்வது என்று கேட்டான்.

பதினாறு வருடமாக அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அவன் அந்த அறைக்குள் வந்திருக்கிறான். மேசைக்கு அடியில், பின்பக்கம் இருக்கிறது, குனிந்து கையை விட்டுத் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.